தாய் வேலைக்குப் போனால் பிள்ளை யாரிடம்? என்டியுசி குழந்தைப் பராமரிப்பு வளர்ந்த வரலாறு

சிங்கப்பூரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் துறைமுகத்தைச் சொல்வார்கள். ஜூரோங் தொழிற்பேட்டையைச் சொல்வார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடி வீடுகளைச் சொல்வார்கள். அந்த அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில், வண்ணம் தீட்டிய சுவரும் வாசலில் அடுக்கிய சின்னஞ்சிறு காலணிகளுமாக இருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் 1970களில் தொழிற்சாலை வாசல்களுக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தபோது, அவர்கள் வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அந்த வளர்ச்சியின் கணக்கு முழுமையாகாது.

இன்று ‘மை ஃபர்ஸ்ட் ஸ்கூல்’ என்ற பெயரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களை நடத்திவரும் அமைப்பின் தொடக்கம் மிகச் சிறியது. 1977ஆம் ஆண்டில், சமூக விவகார அமைச்சு நடத்திவந்த சில குழந்தைக் காப்பகங்கள் தேசிய தொழிற்சங்க காங்கிரசிடம், அதாவது என்டியுசியிடம், ஒப்படைக்கப்பட்டன. சம்பள உயர்வுக்கும் வேலை நேரத்துக்கும் வாதாட வேண்டிய ஒரு தொழிற்சங்கம், பிள்ளைக்குப் பால் புகட்டும் வேலைக்கு எப்படி வந்தது? அதற்கு முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சோற்றில் தொடங்கியது

ஜப்பானியர் ஆட்சி 1945ல் முடிந்தபோது சிங்கப்பூரில் அரிசிக்குப் பஞ்சம். பங்கீட்டில் கிடைத்தது போதவில்லை. கள்ளச் சந்தை விலையோ கூலித் தொழிலாளிக்கு எட்டவில்லை. 1946ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காலனித்துவ அரசாங்கம் சமூகநலத் துறையை ஏற்படுத்தியது. மக்கள் உணவகங்கள் என்ற பெயரில் மலிவு விலையில் சாப்பாடு போட்டது அத்துறையின் முதல் பணிகளுள் ஒன்று. அடுத்த ஆண்டு, 1947ல், பிள்ளைகளுக்கென்றே தனியாக உணவளிப்புத் திட்டம் தொடங்கியது. பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத, பசியால் மெலிந்த பிள்ளைகள் அந்தக் கூடங்களின் முன் வரிசையில் நின்றார்கள்.

கூடங்களில் பரிமாறியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டூழியப் பெண்கள். அவர்களில் ஒருவர் திருமதி கான்ஸ்டன்ஸ் கோ. ஹேவ்லாக் ரோட்டு உணவுக் கூடத்தில் உதவிசெய்த அவர், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று வந்த தாய்மார்களைப் பார்த்தார். ஒரு வேளைச் சோறு மட்டும் இதற்குத் தீர்வாகாது என்று கண்ட அவரும் தோழியரும் 1949ல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். சிங்கப்பூரின் மக்கள்தொகை வரலாற்றுக்கும் இந்தச் சோற்றுக் கூடங்களுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது.

பசியாறிய பிள்ளையை உடனே தெருவுக்கு அனுப்ப மனம் வருமா? சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டு, பாட்டு, கொஞ்சம் எழுத்து, கைவேலை என்று உணவுக் கூடங்கள் மெல்லப் பிள்ளைகளின் சமூகக் கூடங்களாக மாறின. 1952ல் தோன்றிய சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம், ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகள் உடல் தேறுவதற்காகச் சாங்கியில் ஓர் இல்லம் நடத்தியது. ராமகிருஷ்ணா மிஷன் போர்க்காலத்தில் தொடங்கிய சிறுவர் இல்லம், பின்னர் பார்ட்லி ரோட்டில் நிலைபெற்றது; பெற்றோரை இழந்த எத்தனையோ சிறுவர்களுக்கு அது வீடாயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும் என்பதை எல்லாச் சமூகமும் புரிந்துகொள்ளும். கோயில், மடம், மிஷன் என்று எல்லாத் தரப்பிலும் அதற்குக் கொடையாளர்கள் உண்டு. பெற்றோர் இருந்தும் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளையின் நிலை வேறு. ‘பெற்றவள் வீட்டில் இருக்க வேண்டியதுதானே’ என்று கேட்டுவிட்டுப் போகும் உலகம் இது. சமூகநலத் துறையின் பகல் நேரக் காப்பகங்கள் அந்தப் பிள்ளைகளுக்காக வந்தவை. விதவைகள், கணவன் கைவிட்டவர்கள், சந்தையிலும் கட்டுமான இடத்திலும் கூலி வேலை செய்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளே அங்கே சேர்ந்தார்கள். குளிப்பாட்டி, பால் கொடுத்து, உறங்கவைத்து, மாலையில் தாயிடம் ஒப்படைப்பது அங்கே நடந்த வேலை. ஏழைக்குச் செய்யும் தர்மமாகவே அது கருதப்பட்டது. வசதி சிறிதளவு கூடியவுடன் பிள்ளையை அங்கே விடக் கூச்சப்பட்டவர்களும் உண்டு.

பக்கத்து வீட்டு மக்சிக்

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலான வீடுகளில் பாட்டி இருந்தார். பாட்டி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீடு இருந்தது. கம்பத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டில் சாப்பிட்டு உறங்குவது செய்தியே அல்ல. மலாய் மக்சிக் வளர்த்த தமிழ்ப் பிள்ளைகள் மலாயை வீட்டு மொழிபோலப் பேசினார்கள். திங்கட்கிழமை விட்டுச் சனிக்கிழமை அழைத்துவரும் வழக்கமும் சில குடும்பங்களில் இருந்தது.

ஜோகூர் நீரிணைக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கூட்டாகப் பிள்ளை பார்க்கும் இன்னொரு முறையும் பழக்கமானதுதான். அங்கே விடியுமுன் பால் மரம் வெட்டப் போகும் பெண்கள், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள், நடுவே வெட்டு வேலைக்குப் போக முடியாத வயதான ஓர் ஆயா. எத்தனை தொட்டில் என்றாலும் ஆயா ஒருவரோ இருவரோதான். ஆயா என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. பெண் உழைப்பில்லாமல் தோட்டம் ஓடாது என்று தெரிந்த நிர்வாகம் அந்தக் கொட்டகையைக் கட்டியது. பிள்ளையின் நலனைவிட மரத்தின் பால் முக்கியம். இந்தக் கணக்கு வேறு வடிவில் பின்னர் நகரத்துக்கும் வந்தது.

1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். கம்பங்களைக் கலைத்து அடுக்குமாடி வீடுகளுக்கு மக்களை மாற்றும் வேலை அதன் பிறகு வேகம் பிடித்தது. குழாயில் தண்ணீர், சுவிட்சில் வெளிச்சம், தனிக் கழிப்பறை என்று வாழ்க்கை எல்லா வகையிலும் உயர்ந்தது. அதோடு ஒன்று போயிற்று. ஒரே கம்பத்தில் பத்து வீடு தள்ளி இருந்த பாட்டி தோ பாயோவுக்கும், மகள் குவீன்ஸ்டவுனுக்கும், பக்கத்து வீட்டு மக்சிக் வேறொரு வட்டாரத்துக்கும் போனார்கள். புதிய வீட்டின் கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியச் சில மாதங்கள் ஆயின.

நுண்ணோக்கியின் முன் அமர்ந்த பெண்கள்

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1971க்குள் அது நடந்தும் முடிந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். ஒரு சம்பளம் மட்டும் வந்த வீட்டில் அந்தச் சம்பளமும் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்தக் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே காலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 1960களின் இறுதியில் இங்கே கடைவிரித்தன. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டவைக்கும் வேலைக்கு அவை பெண்களையே தேடின. ஷிப்டு முறை. காலை ஷிப்டுக்காரியை அழைத்துச் செல்லும் பேருந்து விடியற்காலையில் வந்து நிற்கும். 1957ல் வேலை செய்யும் வயதில் இருந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வேலைக்குச் சென்றார்கள்; 1980ல் அது நூற்றுக்கு 44ஆக உயர்ந்தது. கால் நூற்றாண்டுக்குள் இரு மடங்கு.

மணமாகாத பெண் வேலைக்குப் போவதில் சிக்கலில்லை. முதல் பிள்ளை பிறந்தவுடன் அவள் வேலையை விட்டுவிட்டால் முதலாளிக்குப் பழகிய கை போயிற்று; குடும்பத்துக்குச் சம்பளம் போயிற்று; நாட்டுக்கு ஆள்பலம் போயிற்று. மூன்று தரப்புக்கும் நட்டம் என்றானபோதுதான் குழந்தைப் பராமரிப்பு ஏழைகளின் பிரச்சினை என்பதிலிருந்து பொருளாதாரப் பிரச்சினை என்ற தகுதியைப் பெற்றது. பிள்ளை அழுதபோது கேட்காத காது, இயந்திரம் நின்றபோது கேட்டது என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். ஆனால் நடந்த வரிசை அதுதான்.

சங்கம் கடை திறந்தது

தொழிற்சங்கத்தின் பக்கம் வருவோம். 1968ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டங்கள் சங்கங்களின் பேரம் பேசும் எல்லையைச் சுருக்கின. வேலைக்கு எடுப்பது, நீக்குவது, இடம் மாற்றுவது போன்றவை முதலாளியின் உரிமை என்றாயின. சண்டை போட இடமில்லை என்றால் உறுப்பினர் எதற்காகச் சந்தா கட்டுவார்? உறுப்பினர் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. 1969 நவம்பரில் என்டியுசி நடத்திய நவீனமயக் கருத்தரங்கு இந்த நெருக்கடிக்குப் பதில் தேடியது. சி.வி. தேவன் நாயர் தலைமையில் கூடிய அந்தக் கருத்தரங்கில், தொழிலாளரின் சம்பளத்தைக் கூட்டுவதோடு அந்தச் சம்பளம் வாங்கும் பொருளின் விலையையும் சங்கம் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. அதற்கு வழி கூட்டுறவுச் சங்கம்.

1970ல் காப்புறுதிக்கு ‘இன்கம்’, டாக்சி ஓட்டுநர்களுக்குக் ‘கம்ஃபர்ட்’ எனத் தொடங்கி, 1973ல் தோ பாயோவில் ‘வெல்கம்’ பேரங்காடி திறக்கப்பட்டது. இன்றைய ஃபேர்பிரைஸ் பேரங்காடிகளுக்கு மூலம் அதுதான். எண்ணெய் நெருக்கடியும் பதுக்கலும் விலைவாசியை ஏற்றிய அந்த ஆண்டில், அரிசி மூட்டையை நியாய விலைக்கு விற்ற சங்கத்தின்மீது மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகவே 1977ல் காப்பகங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. அரசாங்கம் நேரடியாக நடத்துவதைவிட, வேலைக்குப் போகும் தாய்மார்களைத் தன்னுள் கொண்ட ஓர் இயக்கம் நடத்துவது பொருத்தம் என்ற நியாயம் இருந்தது. கைமாறியதும் முக்கியமான ஒரு மாற்றம் ஏற்பட்டது. அதுவரை பிள்ளையைச் சேர்க்கத் தாயின் வறுமை தகுதியாக இருந்தது. இனித் தாயின் வேலை தகுதியாயிற்று. இலவசமாகக் கை நீட்டி வாங்கியவள், கட்டணம் செலுத்திக் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவளானாள். காப்பகம் என்ற பெயர் தேய்ந்து, குழந்தைப் பராமரிப்பு நிலையம் என்ற பெயர் ஊன்றியது.

ஆனால் பராமரிப்பு அரிசி வியாபாரம் அல்ல. மொத்தமாகக் கொள்முதல் செய்தால் அரிசி மலியும். பிள்ளை வளர்ப்பில் மொத்தக் கொள்முதல் கிடையாது. ஐந்து கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்பது சிங்கப்பூரின் விதி. ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுவரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர். அதற்கு மேல் மூன்று வயதுவரை பன்னிருவருக்கு ஒருவர். ஆறு கைக்குழந்தை சேர்ந்தால் இரண்டாவது ஆள் வேண்டும். செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகும். கட்டணத்தைக் குறைத்தால் ஆசிரியையின் சம்பளம் குறையும். சம்பளத்தைக் கூட்டினால் தொழிற்சாலைத் தாயால் கட்டணம் கட்ட முடியாது. இரண்டு பக்கமும் தொழிலாளிகள், இரண்டு பக்கமும் பெரும்பாலும் பெண்கள். தொழிலாளர் நலனுக்காக ஏற்பட்ட ஓர் அமைப்புக்கு இதைவிடச் சங்கடமான கணக்கு இருக்க முடியாது. பல ஆண்டுகள் இந்தக் கணக்கு பராமரிப்பாளரின் சம்பளத்தில் கைவைத்தே தீர்க்கப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘பிள்ளை பார்க்கிற வேலைதானே’ என்ற எண்ணம் அதற்கு வசதியாக இருந்தது.

வசதி கூடிய குடும்பங்களுக்கு வேறு வழியும் பிறந்தது. 1978ல் வெளிநாட்டுப் பணிப்பெண்களை வேலைக்கு அமர்த்தும் திட்டம் வந்தது. பாட்டியும் இல்லாமல் பணிப்பெண்ணும் இல்லாமல் இருந்த நடுத்தட்டுக் குடும்பங்களே நிலையங்களை அதிகம் நாடின. காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும் நேர முறை அலுவலக நேரத்தை ஒட்டி அமைந்தது. இரவு ஷிப்டுக்காரிக்கு அதனால் பெரிய பயனில்லை. யாருக்காகத் தொடங்கியதோ அவர்களில் ஒரு பகுதியினரை விட்டுவிட்டு, நிலையம் அலுவலகத் தாயை நோக்கி நகர்ந்தது.

பிள்ளை போதவில்லை

1972ல் ‘இரண்டு போதும்’ என்று பிரசாரம் செய்த நாட்டில், மூன்றே ஆண்டுகளில் பிறப்பு விகிதம் மக்கள்தொகையை நிலைநிறுத்தும் அளவுக்கு இறங்கிவிட்டது. அதன் பிறகும் அது நிற்கவில்லை. 1986ல் ஒரு பெண்ணுக்கு 1.4 பிள்ளை என்றானது. 1987ல் அரசாங்கம் கொள்கையைத் திருப்பிப்போட்டது: வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. அந்த மாற்றத்தோடு, அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் சேரும் பிள்ளைக்கு மாதம் 100 வெள்ளி கட்டணக் கழிவும் வந்தது. சோற்றுக்காக, பின்னர் தாயின் கைக்காக என்று வளர்ந்த பராமரிப்பு, இப்போது பிறக்காத பிள்ளைக்காக ஆதரவு பெற்றது.

பொதுப்பணம் வந்தால் விதியும் வரும். 1988ல் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் சட்டம் நடப்புக்கு வந்தது. உரிமம், இட அளவு, ஆள் விகிதம், சுகாதாரம் எல்லாம் சட்டத்துக்குள் வந்தன. அதற்கு மறு ஆண்டு என்டியுசி எடுத்த நடவடிக்கை, இந்த வரலாற்றில் நிலையங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது. நெதர்லாந்தின் பெர்னார்ட் வான் லீர் அறநிறுவனத்தின் துணையோடு பாலர் பருவப் பராமரிப்புக்கான வட்டாரப் பயிற்சி நிலையம் ஒன்றை அது ஏற்படுத்தியது. பிள்ளை பார்ப்பதற்குப் படிப்பு வேண்டுமா என்று சிரித்தவர்கள் இருந்த காலம் அது. சீட் கழகம் என்று பின்னாளில் பெயர் மாறிய அந்தப் பயிற்சி நிலையம் ஆயிரக்கணக்கான பெண்களை ‘ஆண்ட்டி’ என்ற அழைப்பிலிருந்து ‘டீச்சர்’ என்ற அழைப்புக்கு உயர்த்தியது. 2019ல் தேசிய பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம் அமைந்தபோது, பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் நடத்திவந்த பயிற்சிகளோடு சீட் கழகத்தின் பயிற்சியும் அதில் இணைந்தது.

1992ல் பராமரிப்புப் பிரிவு தனிக் கூட்டுறவுச் சங்கமாயிற்று. இதே காலத்தில் சமூகத்தின் இன்னொரு கிளையும் பெருத்துக்கொண்டிருந்தது. மக்கள் கழகம் 1964 முதல் பாலர் வகுப்புகளை நடத்தியது. மக்கள் செயல் கட்சிக் கிளைகளின் பாலர் பள்ளிகள் 1986ல் அமைந்த மசெக சமூக அறநிறுவனத்தின்கீழ் வந்தன. அவை இரண்டு மூன்று மணி நேரம் பாடம் சொல்லித்தரும் பள்ளிகள். என்டியுசியினுடையது நாள் முழுவதும் பார்த்துக்கொள்ளும் நிலையம். ஒன்று கல்வி, மற்றொன்று காவல் என்ற பிரிவு நெடுநாள் நீடித்தது. முழுநேரம் வேலை செய்யும் தாய்க்கு மூன்று மணி நேரப் பள்ளி எதற்குப் பயன்படும்? ஆகவே பள்ளிகள் பராமரிப்பு நிலையங்களாகவும், நிலையங்கள் பள்ளிகளாகவும் மாறின. என்டியுசி நிலையங்கள் தங்கள் பெயரிலேயே ‘பள்ளி’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது அந்த மாற்றத்தின் முத்திரை.

கூட்டுறவின்கீழ் ‘லிட்டில் ஸ்கூல்ஹவுஸ்’ என்ற பெயரில் கட்டணம் கூடிய நிலையங்களும் இயங்குகின்றன. தொழிலாளியின் அமைப்பு மேல்தட்டுக்கு ஏன் கடை விரிக்கிறது என்ற கேள்வி நியாயமானது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

2008ஆம் ஆண்டில் அரசாங்கம் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கான கட்டணக் கழிவை 150 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாக உயர்த்தியது. கைக்குழந்தைக்கு அது 600 வெள்ளியானது. ஆனால் நிலையம் எத்தனை மலிவாக இருந்தாலும் வராத பிள்ளைகள் இருந்தார்கள். நிலையற்ற வேலை, சிறையில் ஒருவர், நோயில் ஒருவர், வாடகை வீட்டில் எட்டுப் பேர் என்ற குடும்பங்களில் பிள்ளையைப் பதிவுசெய்யப் பத்திரம் தேடவே ஆளில்லை. வைப்புத்தொகையும் சீருடையும் காப்புறுதியும் கேட்கப்படும்போது, கட்டணக் கழிவு இருந்தும் வாசலில் திரும்பிப் போனவர்கள் உண்டு. இவர்களுக்காக என்டியுசி 2008ல் ‘பிரைட் ஹொரைசன்ஸ்’ நிதியைத் தொடங்கியது. கட்டணத்தோடு நில்லாமல் எழுத்தறிவில் பின்தங்கிய பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு, குடும்பத்துக்குச் சமூக ஊழியரின் துணை என்று அது விரிந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் சோற்றுக் கூடத்தின் முன் நின்ற பிள்ளைதான் மீண்டும் நினைவுக்கு வருகிறது. இம்முறை பசி வயிற்றில் மட்டுமில்லை. 2016ல் அரசாங்கமே ‘கிட்ஸ்டார்ட்’ திட்டத்தின்வழி இத்தகைய குடும்பங்களைத் தேடிச் செல்லத் தொடங்கியது.

2012ல் வந்த ஓர் ஆய்வறிக்கை நாட்டை உலுக்கியது. லியன் அறநிறுவனத்துக்காக இக்கானமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 45 நாடுகளின் பாலர் கல்வியை ஒப்பிட்டது. சிங்கப்பூருக்கு 29ஆம் இடம். கணிதத்திலும் அறிவியலிலும் உலகின் முன்வரிசையில் நிற்கும் மாணவர்களின் நாட்டுக்கு, ஆறு வயதுக்குக் கீழ் இப்படியா என்ற விவாதம் எழுந்தது. 2013 ஏப்ரலில் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு உருவானது. கல்வி அமைச்சு பாலர் பள்ளிகளையும் சமூக அமைச்சு பராமரிப்பு நிலையங்களையும் தனித்தனியே பார்த்த பழைய நிலை மாறியது. 2009ல் மசெக அறநிறுவனத்துக்கும் என்டியுசிக்கும் மட்டும் கொடுக்கப்பட்ட நங்கூர நடத்துநர் தகுதி 2014ல் மேலும் மூன்று நடத்துநர்களுக்குக் கிடைத்தது. அரசாங்க நிதி பெறும் இவர்கள் கட்டணத்தை உச்சவரம்புக்குள் வைத்திருக்க வேண்டும். முழுநாள் பராமரிப்புக்கான அந்த உச்சவரம்பு, கட்டணக் கழிவுக்கு முன், 2025ல் 640 வெள்ளி; 2026ல் 610 வெள்ளி. பேரங்காடியில் அரிசி விலைக்குக் கடிவாளம் போட்ட பழைய உத்தியே பிள்ளை பராமரிப்பிலும் கையாளப்பட்டது. ஆனால் கடிவாளத்தின் செலவை இப்போது பொதுநிதி ஏற்கிறது. பராமரிப்பாளரின் சம்பளம் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையில் வெற்றி கண்கூடு. 2013க்குப் பிந்திய பத்தாண்டுகளில் முழுநாள் பராமரிப்பு இடங்கள் இரு மடங்குக்கும் மேல் கூடின. பொங்கோல் போன்ற புதிய நகரங்களில் ஆயிரம் பிள்ளைகள் சேரக்கூடிய பெரிய நிலையங்கள் எழுந்தன. பிறப்பு விகிதமோ ஏறவில்லை. 2023ல் ஒன்றுக்கும் கீழே, 0.97க்குப் போய்விட்டது. பராமரிப்பு மலிந்தால் பிள்ளை பெருகும் என்ற 1987ஆம் ஆண்டுக் கணக்கு பொய்த்தது. அதற்காக நிலையங்கள் தோற்றன என்று சொல்ல முடியாது. அவற்றின் கதவு திறந்திருப்பதால்தான் அன்றாடம் இலட்சக்கணக்கான தாய்மார் வேலைக்குப் போக முடிகிறது.

பாட்டியின் இடத்தில்

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வரலாற்றில் தனியாக ஒரு பக்கம் உண்டு. பகலில் பாட்டியிடம் இருந்த பிள்ளை பாட்டியின் மொழியைத்தான் பேசியது. கதை, வசவு, கொஞ்சல், சோறூட்டும் பேச்சு என்று நாலு வயதுக்குள் ஒரு மொழி அதன் காதில் ஏறிவிடும். நிலையத்துக்கு வரும் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் கழிக்கிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் நூற்றுக்கு 3.3, 2020ல் அது 2.5. இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. நிலையங்களின்மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் முதல் ஐந்தாண்டுகள் எந்த மொழியில் கழிகின்றன என்பதைக் கணக்கில் சேர்க்காமலும் இருக்க முடியாது.

நிலையங்களில் தாய்மொழி வகுப்பு உண்டு. பதினைந்து இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இந்தியப் பிள்ளை ஒன்றோ இரண்டோதான். அந்த இருவரும் தமிழராக இருப்பார்கள் என்பதற்கும் உறுதியில்லை. இரண்டு பிள்ளைக்காக ஒரு தமிழாசிரியரை அமர்த்தினால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் பெரும்பாலான நிலையங்களில் தாய்மொழி என்றால் நடைமுறையில் சீனமொழி. மசெக அறநிறுவனமும் என்டியுசியும் தேர்ந்த சில நிலையங்களில் தமிழ் கற்பிக்கின்றன. 2014ல் தொடங்கிய கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் மூன்று தாய்மொழிகளையும் கற்பிக்கின்றன. ஆனால் அங்கே ஐந்து வயதில்தான் சேர முடியும். அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு வீட்டுக்கு அருகிலுள்ள நிலையமே கதி.

தமிழ் வகுப்புள்ள நிலையத்தைத் தேடி இரண்டு பேருந்து மாறிப் பிள்ளையைக் கொண்டுவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். பதிவுப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தை நிரப்பும்போது, தமிழ் இல்லை என்று அறிந்து, சீன வகுப்பில் உட்காரட்டும், தொடக்கநிலை ஒன்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்திடுகிறவர்களும் இருக்கிறார்கள். மணி ஏழாகப் போகிறது என்றால் வேலைக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள்.